இணையம் வராத வாரத்தில் ஒரு வலையமைப்புப் பாடம்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தைக் காற்றைவிட மழைதான் அதிகம் வதைத்தது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டிவிட்டதால் ரயில்களை நிறுத்தினார்கள். பள்ளி மறுபடி திறந்தபோது வகுப்பறைகளில் சேற்றை வாரி முடித்திருந்தார்கள். மின்சாரம் வந்திருந்தது. இணையம் மட்டும் வரவில்லை.

முண்டியம்பாக்கத்தை அடுத்த அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 11, 12ஆம் வகுப்புகளுக்குக் கணினிப் பாடம் எடுக்கிறேன். இணையம் இல்லாத நாளில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வகுப்பறையில் புத்தகத்தைத் திறப்பது என் வழக்கம். அன்றும் பூட்டைக் கையில் எடுத்துவிட்டேன். வணிகவியல் பிரிவு மாணவன் ஒருவன் கேட்டான்: "மிஸ், நெட்டு இல்லைன்னா கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசாதா?"

பேசும் என்றேன். "எப்படி?" என்றான். பூட்டை மேசைமேல் வைத்தேன்.

அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. நம் 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் நிரலாக்கம் இருக்கிறது. வலையமைப்பு பற்றித் தனிப் பாடம் இல்லை. கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு, நெறிமுறைகள், டிஎன்எஸ், கேபிள் பொருத்துதல் எல்லாம் இருக்கின்றன, பைத்தான் இல்லை. ஆக, நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் அறிவியல் பிரிவில் ஒரு பக்கம், கேபிள் பொருத்தத் தெரிந்த பிள்ளைகள் வணிகவியல் பிரிவில் இன்னொரு பக்கம். இருவருக்கும் ஆசிரியர் நான் ஒருத்திதான். இத்தனை ஆண்டுகளில் இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க எனக்குத் தோன்றவில்லை.

என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரியில் ஜாவாவில் சாக்கெட் நிரல் எழுதி, செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். சர்வர் நிரல், கிளையண்ட் நிரல் இரண்டையும் ஒரே கணினியில் இரண்டு சன்னல்களில் ஓட்டினோம். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு ஒரு சொல்லைக்கூட நான் அனுப்பிப் பார்த்ததில்லை.

கேபிளும் முகவரியும்

எங்களிடம் இருந்தவை: ஆறு பழைய மேசைக் கணினிகள், என் மடிக்கணினி, எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்று. மாணவி ஒருத்தி தன் அக்காவுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். துறை தந்திருக்கும் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் சர்வரையும் இணைப்புகளையும் நாங்கள் தொடவில்லை. இதைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களும் தொட வேண்டாம். தனி ஸ்விட்ச் போதும். எட்டுத் துளை ஸ்விட்சுக்குப் பெரிய செலவில்லை.

கேபிள் வேலையை வணிகவியல் பிரிவு எடுத்துக்கொண்டது. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று மனப்பாடமாக ஒப்பித்த வரிசையை முதல்முறையாக விரலால் பிரித்து அடுக்கினார்கள். நான்கு கேபிள்களில் இரண்டு முதல் முயற்சியிலேயே வேலை செய்தன. மற்ற இரண்டையும் முனை வெட்டி மறுபடி அழுத்தினோம்.

இணைத்ததும் முகவரி பார்க்கச் சொன்னேன். எல்லாக் கணினிகளும் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டின. முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாதபோது கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. அதை மாற்றி 192.168.1.1 முதல் 192.168.1.8 வரை கையாலேயே கொடுத்து, எண்ணைத் தாளில் எழுதித் திரையின் மேல் ஒட்டினோம். முதல் பாடவேளை இதிலேயே போயிற்று. வீண் என்று நினைக்கவில்லை. ஐபி முகவரி என்பது மேலிருந்து யாரோ அருளுவது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு அந்தத் தாளோடு போய்விட்டது.

காத்திருப்பவர், கூப்பிடுபவர்

சாக்கெட் என்றால் என்ன? நிரல் ஒன்று வலையமைப்போடு பேசத் திறந்து வைத்திருக்கும் வாய் என்று கொள்ளலாம். அதற்கு இரண்டு அடையாளங்கள் வேண்டும்: கணினியின் ஐபி முகவரி, அந்தக் கணினிக்குள் போர்ட் எண். எங்கள் பிள்ளைகளுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை உதாரணம் சொன்னேன். பேருந்திலிருந்து இறங்கும் எல்லோருக்கும் முகவரி ஒன்றுதான். உள்ளே போனால் கண்ணுக்கு ஓர் அறை, எலும்புக்கு ஓர் அறை, காய்ச்சலுக்கு ஓர் அறை. அறை எண் தெரியாமல் மருத்துவமனைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்க முடியாது. கணினியில் 0 முதல் 65535 வரை இப்படி அறை எண்கள் உண்டு. இணையப் பக்கத்துக்கு 80, பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸுக்கு 53. 1024-க்குக் கீழே உள்ளவை இப்படிப்பட்ட பொதுப்பணிகளுக்கு ஒதுக்கியவை. நாங்கள் 5000-ஐ எடுத்துக்கொண்டோம்.

பைத்தானில் இதற்கான தொகுதியின் பெயரே சாக்கெட்தான். கட்டளைப் பெயர்களை ஒலிபெயர்த்துத் தருகிறேன். சர்வர் நிரல் ஒரு சாக்கெட்டை உருவாக்கும். 'பைண்ட்' என்ற கட்டளையால் அதை முகவரியோடும் போர்ட் எண்ணோடும் கட்டும். 'லிசன்' என்றதும் அறை திறந்துவிட்டது. 'அக்செப்ட்' என்ற வரியில் நிரல் அப்படியே நின்றுவிடும். யாராவது வந்தால்தான் அடுத்த வரிக்குப் போகும். வந்தவரோடு பேச அந்த அக்செப்ட் ஒரு புதிய சாக்கெட்டைக் கையில் கொடுக்கும். அதில் 'ரெக்வ்' செய்தால் வந்ததைப் படிக்கலாம், 'செண்ட்ஆல்' செய்தால் பதில் அனுப்பலாம், 'குளோஸ்' செய்து முடிக்கலாம். கிளையண்ட் நிரல் இன்னும் சிறியது: சாக்கெட், 'கனெக்ட்', செண்ட்ஆல், ரெக்வ், குளோஸ். இரண்டும் சேர்ந்து இருபது வரிக்குள் அடங்கின.

அக்செப்ட் வரியில் நிரல் நின்றதைப் பார்த்து, "ஹேங் ஆயிடுச்சு மிஸ்" என்றார்கள். சர்வர் என்ற சொல்லுக்கு அவர்கள் மனத்தில் இருந்த படம் குளிரூட்டிய அறையில் விளக்கு மினுக்கும் பெரிய பெட்டி. அக்காவின் பழைய மடிக்கணினி, ஒன்றும் செய்யாமல் காத்திருந்ததாலேயே சர்வர் ஆனது என்பது அவர்களுக்குப் புதிது. பெட்டியின் அளவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. முதலில் வந்து காத்திருப்பது சர்வர். தேவை ஏற்பட்டுக் கூப்பிடுவது கிளையண்ட்.

அடுத்து நடந்தது என் தவறு. கல்லூரிக் காலப் பழக்கத்தில் பைண்ட் வரியில் 127.0.0.1 என்று எழுதிக்கொடுத்தேன். கிளையண்டைச் சர்வர் ஓடிய அதே கணினியில் ஓட்டினால் பதில் வந்தது. மற்ற ஏழு கணினிகளிலிருந்தும் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றே வந்தது. கேபிளை ஆட்டிப் பார்த்தோம். விண்டோஸின் ஃபயர்வால் தடுக்கிறதோ என்று அனுமதி கொடுத்துப் பார்த்தோம். (அதையும் கொடுக்கத்தான் வேண்டும், கொடுக்காத கணினியில் சர்வர் வேலை செய்யாது.) பத்து நிமிடம் கழித்து இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "மிஸ், அந்த நம்பர் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஒண்ணுதானே? அப்போ அது தன் வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தானே கதவைத் திறந்து வெச்சிருக்கு?" என்றாள்.

127.0.0.1 என்பது எந்தக் கணினியும் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. அதில் பைண்ட் செய்தால் வெளியாருக்குக் கதவில்லை. அதை 0.0.0.0 என்று மாற்றினோம். எந்த வழியாக வந்தாலும் ஏற்றுக்கொள் என்று பொருள். மாற்றியதும் அறையின் மறுகோடியிலிருந்து 'வணக்கம்' வந்தது. இருபது ஆண்டுகளாக நான் பாடம் என்று வைத்திருந்ததில் இருந்த ஓட்டையை அந்தப் பெண் ஒரே கேள்வியில் காட்டிவிட்டாள்.

ஒரு கணினி மட்டுமே உள்ள பள்ளிகள் இதைச் செய்ய முடியாது என்பதில்லை. 127.0.0.1 வைத்து இரண்டு சன்னல்களில் ஓட்டலாம். அது வீட்டுக்குள் நடக்கும் பேச்சு என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

லைன் கிளியர்

கனெக்ட் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று செய்திகள் போய்வருகின்றன. பாடநூலில் டிசிபி பற்றிப் படிக்கும்போது பிள்ளைகள் இதைக் கடந்துவிடுவார்கள். அன்று எனக்கு உதவியது ரயில். ஒரு மாணவனின் அப்பா ரயில் பாதைப் பணியாளர். "லைன் கிளியர் வாங்காம வண்டியை அனுப்ப மாட்டாங்க மிஸ்" என்றான். அவன் சொன்னதையே கரும்பலகையில் எழுதினேன். விக்கிரவாண்டி நிலையம் முண்டியம்பாக்கத்தைக் கேட்கிறது: வண்டி அனுப்பலாமா? முண்டியம்பாக்கம் சொல்கிறது: பாதை தயார், அனுப்பலாம். விக்கிரவாண்டி மறுபடி சொல்கிறது: சரி, வண்டி புறப்பட்டது. டிசிபியும் இப்படித்தான்: கேட்பது, ஒப்புவது, ஒப்பியது கிடைத்தது என்று சொல்வது. மூன்றும் முடிந்த பிறகே தரவு ஏறுகிறது.

இந்த உவமை இன்னொன்றையும் விளக்கியது. எங்களுக்கு இரண்டு விதமான பிழைகள் வந்துகொண்டிருந்தன. ஒன்று, உடனே வரும் 'இணைப்பு மறுக்கப்பட்டது'. இன்னொன்று, நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் வரும் 'நேரம் கடந்துவிட்டது'. பிள்ளைகள் இரண்டையும் 'கனெக்ட் ஆகலை' என்ற ஒரே கூடையில் போட்டார்கள். நான் கேட்டேன்: முண்டியம்பாக்கம் நிலையம் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால் அது ஒரு பதிலா இல்லையா? பதில்தான். நிலையத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிகிறது. கம்பியே அறுந்து கிடந்தால்? எந்தப் பதிலும் வராது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மறுப்பு வந்தால் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது, 5000ஆம் அறையில்தான் ஆள் இல்லை என்று பொருள். சர்வர் நிரல் ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பார்க்க வேண்டும். மௌனம் என்றால் கேபிள், முகவரி, ஃபயர்வால் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு பிழை வந்ததும் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பு, "மறுக்குதா, சும்மா இருக்குதா?" என்று அவர்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

தமிழுக்கு மூன்று பைட்டு

இந்தப் பாடத்தில் நான் எதிர்பாராத பகுதி இது. நேரமும் இதற்குத்தான் அதிகம் கொடுத்தேன்.

சாக்கெட்டில் எழுத்து போகாது, பைட்டுதான் போகும். ஆகவே அனுப்பும் முன் 'என்கோட்' செய்ய வேண்டும், வாங்கிய பின் 'டீகோட்' செய்ய வேண்டும். ஆங்கிலச் சொல் அனுப்பியவரை யாருக்கும் சிக்கல் வரவில்லை. ஒரு மாணவி 'வணக்கம்' என்று தமிழில் அனுப்பினாள். எதிர்முனை மாணவி ரெக்வ் கட்டளையில் 1024-க்குப் பதில் 10 என்று கொடுத்திருந்தாள்; ஐந்து எழுத்துச் சொல்லுக்குப் பத்தே அதிகம் என்று நினைத்தாளாம். டீகோட் வரியில் பிழை வந்து நிரல் நின்றது.

அந்தச் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்கச் சொன்னேன். 7 என்றது. என்கோட் செய்த பிறகு கேட்டால் 21 என்றது. ஐந்து எழுத்துக்கு எப்படி 7, எப்படி 21?

யூனிகோடில் 'க்' என்பது 'க' ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி: ஏழு. யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு: இருபத்தொன்று. "தமிழுக்கு மட்டும் ஏன் மிஸ் மூணு?" என்று உடனே கேட்டார்கள். தமிழுக்கு மட்டும் இல்லை, இந்திக்கும் தெலுங்குக்கும் அப்படித்தான். முதல் 128 எண்கள் ஆங்கில எழுத்து முதலானவற்றுக்கு, ஒரு பைட்டில் அடங்கும். 2047 வரை உள்ள எண்கள் இரண்டு பைட்டில் அடங்கும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944ஆம் எண்ணில் தொடங்குகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். மகிழ்ச்சியோடு என்று சொல்ல மாட்டேன்.

பத்துப் பைட்டு வாங்கினால் மூன்று குறிகளும் நான்காவதில் மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கும். அறுந்த குறியை டீகோட் செய்ய முடியாமல் பைத்தான் நின்றது. பத்தை ஒன்பதாக மாற்றி, வருவதெல்லாம் தீரும்வரை படிக்கச் சொன்னேன். திரையில் மூன்று வரிகள் வந்தன. முதல் வரியில் 'வணக'. இரண்டாம் வரியில் தலை இல்லாத ஒரு புள்ளியும் 'கம' என்பதும். மூன்றாம் வரியில் ஒற்றைப் புள்ளி. வகுப்பே சிரித்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உண்மையான பாடம் தொடங்கியது. டிசிபி நமக்குத் தருவது அறுபடாத ஒரு பைட்டு ஓட்டம். ஒன்றும் விடுபடாது, வரிசை மாறாது. அதற்கு அது பொறுப்பு. ஆனால் நாம் எங்கே நிறுத்தி அனுப்பினோம் என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. நாம் ஒருமுறை அனுப்பியது மூன்று துண்டாக வரலாம். இரண்டு முறை அனுப்பியது ஒன்றாக ஒட்டி வரலாம். ரெக்வ் கட்டளையில் 1024 என்று எழுதுவது அதிகபட்ச அளவு மட்டுமே. அவ்வளவு வரும் என்ற உறுதி அதில் இல்லை.

ஒட்டி வருவதைக் காட்ட, 'அந்த' என்று ஒருமுறையும் 'மான்' என்று ஒருமுறையும் அடுத்தடுத்து அனுப்பும் நிரலை ஓட்டினோம். சர்வரைப் படிக்கும் முன் இரண்டு நொடி தூங்கவைத்தோம். எதிர்முனையில் 'அந்தமான்' என்று ஒரே சொல்லாக வந்தது. இதை ஆசிரியர் ஓய்வறையில் சொன்னபோது எங்கள் தமிழாசிரியர் ஐயா, "பொதுமொழிம்மா இது. எட்டு, வேங்கை, அந்தமான். சேர்ந்து நின்னா ஒரு பொருள், பிரிஞ்சு நின்னா வேற பொருள். எங்க பிரிக்கணும்னு கேக்கறவனுக்குத் தெரியணும்ல?" என்றார். மறுநாள் அவரையே வகுப்புக்கு அழைத்துவந்து ஐந்து நிமிடம் பேசவைத்தேன்.

எங்கே பிரிப்பது என்று அனுப்புபவரும் பெறுபவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாட்டுக்குத்தான் நெறிமுறை என்று பெயர். ஒரு வழி, ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு வரி முடிவுக் குறி வைப்பது. அந்தக் குறி வரும்வரை பைட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போய், வந்த பிறகு டீகோட் செய்வது. இன்னொரு வழி, முதலில் நீளத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு செய்தியை அனுப்புவது. பிள்ளைகள் முதல் வழியை எடுத்தார்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கணினி இல்லாமலே செய்யலாம். அருகிலுள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 4ஆம் வகுப்பு எடுக்கும் என் தோழி செய்து பார்த்தார். ஒரு குழந்தையிடம் இரண்டு சிறு வாக்கியங்கள். ஒவ்வொரு துண்டுத் தாளிலும் மூன்று எழுத்து மட்டும் எழுதி, சொல்லுக்கு இடைவெளி விடாமல், நடுவில் நிற்கும் குழந்தைகள் வழியே கடைசிக் குழந்தைக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் குழந்தை படித்துச் சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். மூன்றாவது முறை ஒரு குழந்தை யாரும் சொல்லாமலே தாளில் முற்றுப்புள்ளி வைத்து அனுப்பியதாம். என் 12ஆம் வகுப்பு அதே முடிவுக்கு வர இரண்டு பாடவேளை ஆயிற்று.

34 எப்படி 68 ஆயிற்று

வெறும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் சலித்துவிடும். ஏதாவது பயனுள்ளதைச் செய்யலாம் என்று பிள்ளைகளே கேட்டார்கள். எங்கள் பள்ளியில் 6 முதல் 10 வரை ஒவ்வொரு வகுப்புத் தலைவரும் காலையில் சத்துணவு எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி அமைப்பாளர் அம்மாவிடம் கொடுப்பார்கள். அந்தச் சீட்டுகளை வைத்து, ஒவ்வொரு கணினியும் ஒரு வகுப்பு என்று பாவித்து, எண்ணிக்கையைச் சர்வருக்கு அனுப்புவது. சர்வர் கூட்டிச் சொல்வது. செய்தியின் வடிவம்: வகுப்பு, ஒரு காற்புள்ளி, எண், வரி முடிவு.

முதல் ஓட்டத்திலேயே மொத்தம் 34 கூடுதலாக வந்தது. சீட்டுகளைக் கையால் கூட்டிப் பார்த்தோம், சீட்டு சரி. 8 'ஆ' பிரிவின் 34 பேர் இரண்டு முறை சேர்ந்திருந்தார்கள்.

விசாரித்ததில் தெரிந்தது இது. ஒரு மாணவன் தன் கிளையண்டைச் சர்வரோடு இணைத்துவிட்டு, எண்ணைத் தட்டச்சிடாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எங்கள் சர்வர் ஒரு நேரத்தில் ஒருவரோடு மட்டுமே பேசும். அது அவனுக்காகக் காத்து நின்றது. அப்போது 8 'ஆ' மாணவி இணைந்தாள். இணைப்பும் கிடைத்தது, எண்ணும் போயிற்று, பதில் மட்டும் வரவில்லை. "போகலை போலருக்கு" என்று சன்னலை மூடிவிட்டு மறுபடி ஓட்டி அனுப்பினாள். தண்ணீர் குடித்தவன் திரும்பிவந்து எண்ணை அடித்ததும், சர்வர் வரிசையில் கிடந்த இரண்டு 34-களையும் எடுத்துக் கூட்டிவிட்டது.

சர்வர் அக்செப்ட் செய்யாதபோதே அவளுக்கு எப்படி இணைப்பு கிடைத்தது என்று கேட்டார்கள். அரவைக் காலத்தில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் நிற்கும் கரும்பு டிராக்டர்களை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாயிற்று. ஆனால் எடைமேடை ஏற முறை வரவில்லை. கனெக்ட் என்பது கேட். அக்செப்ட் என்பது எடைமேடை. நடுவில் உள்ள வரிசையை இயங்குதளமே வைத்துக்கொள்கிறது. எத்தனை வண்டி நிற்கலாம் என்பதற்குத்தான் லிசன் கட்டளையில் ஓர் எண் கொடுக்கிறோம். வந்தவள் சன்னலை மூடிவிட்டுப் போனாலும் அவள் ஏற்கெனவே இறக்கிய கரும்பு வரிசையில் இருக்கும்.

இதைப் பெரிய பிழையாக எடுத்துக்கொண்டேன். இது நிஜமாகியிருந்தால் 34 பேருக்குக் கூடுதலாக அரிசி போட்டிருப்பார்கள். இதே பிழை எண்ணிக்கை குறைவதாக நடந்தால் ஒரு வகுப்பு பசியோடு நிற்கும். நாம் எல்லோரும் கைப்பேசியில் வருகைப் பதிவை அனுப்பிவிட்டு, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது மறுபடி தொடலாமா வேண்டாமா என்று யோசித்தவர்கள்தாம். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இதுதான்: பதில் வராதபோது, போகவில்லையா, போய்ச் சேர்ந்து பதில்தான் வரவில்லையா என்று அனுப்பியவருக்குத் தெரிய வழியே இல்லை.

பிள்ளைகள் இரண்டு திருத்தம் செய்தார்கள். சர்வர் ஒவ்வொரு செய்திக்கும் 'பெற்றேன்' என்று வகுப்பின் பெயரோடு பதில் அனுப்பும். அதைவிட முக்கியமானது, எண்களைக் கூட்டிக்கொண்டே போகாமல், பாடத்தில் படித்த டிக்‌ஷனரியில் வகுப்பின் பெயரைத் திறவுச்சொல்லாக வைத்து எண்ணை எழுதுவது. 8 'ஆ' பத்து முறை 34 என்று அனுப்பினாலும் டிக்‌ஷனரியில் 34 ஒருமுறைதான் இருக்கும். டிக்‌ஷனரி எதற்கு என்று ஆண்டுதோறும் கேட்பார்கள். இவ்வளவு நல்ல பதில் என்னிடம் இதற்கு முன் இருந்ததில்லை. ஒரே நேரத்தில் பலரோடு பேசத் திரெட் என்ற ஒன்று வேண்டும். ஒரு மாணவன் அதை முயன்று பாதியில் விட்டான். நானும் வற்புறுத்தவில்லை, பொதுத்தேர்வுக்கு அதிக நாள் இல்லை. அமைப்பாளர் அம்மாவுக்குக் காட்டினோம். நன்றாக இருக்கிறது என்றார். சீட்டையும் கொடுத்துவிடுங்கள் என்றார்.

கட்டளைகளின் வயது

பிள்ளைகள் தட்டச்சிட்ட பைண்ட், லிசன், அக்செப்ட், கனெக்ட் எல்லாம் 1983-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் வந்த பெயர்கள். அதே ஆண்டு ஜனவரி 1-இல்தான் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் திட்டம் கல்வி நிறுவனங்களை இணைத்தது. அதில் முதலில் சேர்ந்தவற்றுள் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல், விஎஸ்என்எல் வழியாக. என் மாணவர்களின் பெற்றோர் பலர் அப்போது பள்ளிப் பிள்ளைகள். இத்தனை மாறியும் அந்தக் கட்டளைகள் மாறவில்லை.

மொத்தம் ஏழு பாடவேளை ஆயிற்று. செய்ய நினைப்பவர்களுக்குச் சில கைக்குறிப்புகள். சர்வரை நிறுத்தி உடனே மறுபடி ஓட்டினால் லினக்ஸில் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று வரும். ஓரிரு நிமிடம் பொறுக்கலாம், அல்லது போர்ட் எண்ணை 5001 ஆக்கிக்கொள்ளலாம். எதிர்முனை இணைப்பை மூடிவிட்டால் ரெக்வ் வெற்றுச் சரத்தைத் தரும். அதைச் சோதிக்காவிட்டால் மடக்கு முடிவில்லாமல் சுற்றும். இரண்டு பிரிவு மாணவர்களையும் கலந்து இருவர் இருவராக உட்காரவையுங்கள். கேபிள் தெரிந்தவருக்கு நிரலும் நிரல் தெரிந்தவருக்குக் கேபிளும் அங்கேதான் கிடைத்தன. நான் சொல்லிக் கொடுத்தது குறைவு.

இணையம் எட்டாம் நாள் வந்தது. பிள்ளைகள் முதலில் தேடுபொறியைத் திறப்பார்கள் என்று நினைத்தேன். 127.0.0.1-ஐப் பிடித்த அதே மாணவி தன் கிளையண்ட் நிரலை எடுத்து, முகவரியில் ஓர் இணையதளத்தின் பெயரையும் போர்ட்டில் 80-ஐயும் போட்டாள். இணையப் பக்கத்தைக் கேட்கும் வரியை நான் சொல்ல, தட்டச்சிட்டு அனுப்பினாள். கடைசியில் வெற்று வரி ஒன்றும் அனுப்ப வேண்டும் என்றேன். "முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கா மிஸ்?" என்றாள். ஆமாம். பதில் வந்தது: 301, இந்தப் பக்கம் வேறிடத்துக்கு மாறிவிட்டது, பாதுகாப்பான முகவரிக்குப் போகவும். "நம்மளுதுக்கும் இதுக்கும் அவ்ளோதான் வித்தியாசமா?" என்று கேட்டுவிட்டு, 80-ஐ அழித்து 443 என்று போட்டாள். இந்த முறை வழக்கமான பதில் வரவில்லை. ஏன் என்று விளக்கத் தொடங்கியபோது மணி அடித்துவிட்டது.